எதிர்வரிசை இலைகள்

திருத்தணி,
28.12.1974

அன்புள்ள மருமகள் கோமளவல்லிக்கு, உன் அத்தை தபிதாள் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் மாமாவும் சுகம். ஜெயசீலன் அனுப்பிய ஸ்வெட்டர் மாமாவுக்குக் கை நீளம். மடித்துவிட்டுப் போட்டுக்கொள்கிறார். ஏழாம் மாதத்தில் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாய். உப்பைக் குறை, மற்றதை டாக்டரம்மாவிடம் கேள்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அம்மையார்குப்பத்திலிருந்து உன் அம்மாவும் நைனாவும் வந்தார்கள். நிஜமாகத்தான் எழுதுகிறேன். நம் ஜெயசீலனைக் கட்டிக்கொண்டாய் என்று உன்னைத் தலைமுழுகிவிட்டதாக உன் நைனா தெருவறியச் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. நான் மூன்று முறை ஆளனுப்பினேன். மூன்றாம் முறை உன் அம்மா சரி என்றார்.

இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் மனையியல் நடத்தியவளுக்குச் சம்பந்திகளுக்கு மேஜை போடத் தெரியாதா என்று எனக்குக் கொஞ்சம் கர்வம். யார் எங்கே உட்காருவது என்று இரண்டு நாள் முன்பே காகிதத்தில் படம் போட்டேன். பக்கத்து வீட்டு மேஜையை நம் மேஜையோடு சேர்த்து, உயரம் போதாத காலுக்கு அட்டை மடித்து வைத்து, மேலே வெள்ளை விரிப்பு. நடுவில் சாமந்தி, இரண்டு பக்கமும் கண்ணாடித் தம்ளரில் மெழுகுவர்த்தி. மார்கழியில் உன் அம்மா கவிச்சி தொடமாட்டார் என்று முழுக்கச் சைவம். பிரியாணி இல்லாமல் என்ன கிறிஸ்துமஸ் என்று மாமா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாங்கள் கறி தின்ற பீங்கான் தட்டு அவர்களுக்கு எதற்கு என்று எல்லோருக்கும் வாழையிலை.

தப்பு அதில்தான் நடந்தது. சுவரோரமாக நின்றுகொண்டு, எதிர்வரிசைக்கும் நானே எட்டி எட்டி இலை போட்டேன். என் பக்கத்து இலைகளுக்கு நுனி இடது கைப்பக்கம் சரியாக இருந்தது. எதிரே உட்காருகிறவர்களுக்கு அது வலது கைப்பக்கம் என்பது உறைக்கவில்லை. தரையில் ஒரே வரிசையாகப் பந்தி போட்டிருந்தால் வந்திருக்காது. எதிர்வரிசையில் உட்கார்த்தியது உன் அம்மாவையும் நைனாவையும்.

உன் நைனா தறிக்காரர் அல்லவா, விரிப்பின் ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்து, மில்லுத் துணி என்றார். உண்மைதான். பிறகு இலையைப் பார்த்தார். சட்டென்று எழுந்துவிட்டார்.

"இன்னாங்க இது, எழவு வூட்டு எலை மாதிரி போட்டு வச்சிகினு கீறீங்க? எங்க பொண்ணு செத்துட்டான்னு நாங்க சொன்னதுக்குப் பதிலா?" என்று கேட்டார்.

தெரியாமல் செய்தேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். மாமா தண்ணீர்ச் சொம்பைப் பிடித்தபடி நின்றார். மாமா அப்படித்தான்.

உன் அம்மா எழுந்திருக்கவில்லை. தன் இலையைத் தானே திருப்பிப் போட்டார். அடுத்து உன் நைனாவின் இலையையும் திருப்பினார். தண்ணீர் தெளித்துத் துடைத்தார். "குந்துய்யா. எம்பொண்ணு உசுரோட கீறா. நான் துன்னப் போறேன்" என்றார். உன் நைனா வெகுநேரம் நின்றார், பிறகு உட்கார்ந்தார். பாயசம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார்.

புறப்படும்போது உன் அம்மா என்னைத் தனியாக அழைத்து, நீங்கள் ஊருக்கு வரும் ரயில் அரக்கோணத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். சொன்னேன். வாசல் தாண்டியதும் திரும்பி வந்து மறுபடி கேட்டார். உன்னைப் பிரசவத்துக்குத் தன்னிடம் அனுப்பச் சொல்லிக் கேட்கத்தான் திரும்பி வந்தார் என்று எனக்குப் புரிந்தது. உன் நைனா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே நின்றார், ஆனால் நடக்கவில்லை.

பிரசவத்துக்கு இங்கே வா என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். உள்ளறைக்கு வெள்ளையடித்து, தொட்டிலுக்குக் கொக்கியும் மாட்டியாயிற்று. அது இருக்கட்டும். வருத்தமில்லை என்று எழுதினால் பொய்யாகும். அரக்கோணத்தில் இறங்கினதும் இங்கே வராதே, நேராக அம்மையார்குப்பம் போ. யார் வரச் சொன்னது என்று நைனா கேட்டால், நீயாகவே வந்ததாகச் சொல். என் பெயரை எடுக்காதே.

உன் அம்மா மலைக்கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாராம். நான் கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யார் கேட்டுக் கொடுத்தாலும் சரி, நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும். முப்பது நாள் கழித்துக் குழந்தையை எனக்கு ஒருமுறை காட்டு.

இப்படிக்கு,
உன் அத்தை,
தபிதாள் சத்தியநாதன்