வலப்பக்கம் யாரும் நிற்கவில்லை

என் ஜெரால்டு மச்சானுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. அதை இனி உன்னிடம் கேட்கலாமா, கூடாதா?

தாம்பரத்தில் ரயில் ஏறினால், நம் லக்ரோஸ் ஆட்டத்தில் பந்தைப் பிடித்து எறியும் குச்சியின் முனையில் தொங்கும் வலையைப் பார்த்து இப்போதும் யாராவது கேட்கிறார்கள், "இன்னா தம்பி, மீன் புடிக்கவா?" என்று. நீயாக இருந்தால், "ஆமாண்ணா, பொத்தேரி ஏரில ஜிலேபி மீன் நல்லா கீது" என்று அசராமல் அடித்துவிடுவாய். எனக்கு அந்த வாய் இல்லை. தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

சனிக்கிழமை மேட்சில் தோற்றுவிட்டோம். எப்படித் தோற்றோம் என்று கேட்டால் நீ சும்மா விடமாட்டாய்.

ஆட்டம் முடியும் நேரம். எதிரணியில் ஒருவன் நம் வசந்தின் கையில் குச்சியால் ஓங்கிப் போட்டான். ரெஃப்ரி அவனை ஒரு நிமிடம் வெளியே உட்கார வைத்துவிட்டார். கோலைக் காக்க அவர்கள் ஐந்து பேர், அடிக்க நாம் ஆறு பேர். இந்த ஒரு நிமிடத்துக்காகத்தானே அத்தனை பயிற்சி?

"அகலமா நில்லுங்கடா. பந்து ஓடட்டும், நீங்க ஓடாதீங்க" என்பாய். பந்து வேகமாகக் கை மாறிக்கொண்டே இருந்தால், அவர்களில் ஒருவன் பொறுக்காமல் அதன் பின்னால் வருவான். அப்போது நம்மில் ஒருவனுக்குக் காவல் இருக்காது. அந்த ஒருவன் எப்போதும் நீதான். நீ இடது கைக்காரன். கோலைப் பார்த்து வலப்பக்கம் நின்றால் உன் குச்சி நடுவுக்கு வரும், கோல் அப்படியே திறந்து கிடக்கும்.

சனிக்கிழமை அந்தப் பக்கம் யாருமே போகவில்லை. உனக்குப் பதிலாக இறங்கிய வசந்த்கூட எங்களோடு இடப்பக்கமே ஒட்டிக்கொண்டான். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை மச்சான், கால் போகவில்லை. ஆறு பேரும் ஒரே மூலையில் நெருக்கியடித்தால் ஐந்து பேருக்குத் தடுப்பது என்ன கஷ்டம்? பந்தைப் பறித்துக்கொண்டு போய் அவர்கள் கோல் போட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

"அவங்க ஒரு ஆள் இல்லாம தவிச்சாங்க. அந்த ஆள நீங்களே திருப்பிக் குடுத்துட்டீங்களேடா" என்றார் கோச் சார்.

வசந்த் குனிந்தபடி, "அங்க எப்படி சார் போய் நிக்கிறது? அது ஜெரால்டு எடம்" என்றான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நீ படுத்திருந்த ஆஸ்பத்திரி வாசலிலும் எங்களிடம் ஆளுக்குக் குறைவே இல்லை. ரத்தம் கொடுக்க, டாக்டரிடம் பேச, உன் அம்மாவுக்கு டீ வாங்கிவர என்று எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. எதிரே இருந்தது ஒரே ஒரு காய்ச்சல். அத்தனை பேர் சேர்ந்து அதை என்ன செய்ய முடிந்தது?

ஞாயிறு சர்ச் முடிந்து வரும்போது உன் அம்மா கேட்டார், "மேட்ச் என்னப்பா ஆச்சு?"

"தோத்துட்டோம் ஆன்ட்டி."

"அவன் இருந்தப்பவும் தோத்துருக்கீங்களே" என்று என் தோளைத் தட்டினார்.

அடுத்த மேட்சிலும் தோற்றால் போட்டியை விட்டே வெளியே. சார் வலப்பக்கத்து உன் இடத்துக்கு என்னைச் சொல்லியிருக்கிறார். நான் வலது கைக்காரன். அங்கே நின்றால் குச்சி வெளிப்பக்கம் போய்விடுகிறது. பயிற்சியில் அடித்ததெல்லாம் கோல் கம்பத்துக்கு அந்தப் பக்கம்தான் போகிறது. இடது கைக்கு மாற்றினால் பந்து குச்சி வலையிலேயே தங்குவதில்லை. என்னால் ஆகாது என்று சாருக்கும் தெரியும். உன்னை விட்டால் அணியில் இடது கைக்காரனே இல்லை, அவருக்கும் வேறு வழி இல்லை.

கோல் போடுவேன் என்று உனக்கு வாக்குத் தர முடியாது. போய் நிற்பேன், அது மட்டும் சத்தியம். நாங்கள் ஏன் அந்த இடத்தைக் காலியாக விட்டோம் என்று உனக்குத் தெரியும்தானே? யாராவது போய் நின்றுவிட்டால், அப்புறம் நீ வந்தால் எங்கே நிற்பாய்? நீ வரமாட்டாய் மச்சான். அது தெரிந்துதான் போய் நிற்கப் போகிறேன்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
பிரவீன்