காலை ஆறு மணிக்கு மயில் விரட்டு

உன் தங்குமிடத்து வாசலில் தொங்கும் பலகையில், நீ கையால் எழுதிய மூன்றாவது வரி இன்னும் அழியவில்லை. 'காலை 6 மணி: பக்கத்து விவசாயி மயில் விரட்டுவதைக் காணலாம்.' அந்த விவசாயி நான்தான். இன்று காலையும் சென்னையிலிருந்து வந்த நாலு பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி வேலியோரம் நின்றார்கள். நீ செத்து ஒரு வருஷம் தாண்டிவிட்டது. என்னை வைத்து வித்தை காட்டுவதை மட்டும் நீ நிறுத்தவில்லை.

திண்டிவனத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பாவத்துக்கு, என் கொல்லைக்குப் பக்கத்திலேயே வந்து நிலம் வாங்கினாய். பட்டணத்துக்காரர்கள் வந்து தங்க மண்வீடு கட்டினாய். ஃபேன் மாட்டாமல் விட்டுவிட்டு அதற்கு இயற்கை வாழ்வு என்று பெயர் வைத்தாய். குட்டை வெட்டினாய், வெட்ட வேண்டிய புதரை வளர்த்தாய். மயிலம் பக்கத்து மயிலெல்லாம் உன் புதரில் குடியேறின. சாப்பாட்டுக்கு மட்டும் என் கொல்லை. மார்கழியில் நான் விதைத்த மல்லாட்டையை, அதுதான் உன் சென்னைக்காரர்கள் சொல்லும் வேர்க்கடலையை, கிளறிக் கிளறித் தின்றன.

எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு, லுங்கி அவிழ அவிழ ஓடினேன். உன் விருந்தாளிகள் கைதட்டினார்கள். நேராக உன்னிடம் வந்தேன்.

"புதர வெட்டுடா."

"மயிலுக்கு வேலி எதுன்னு தெரியாதுடா. நீ ஏன் பேஜாராவுற?"

மறுநாள் பலகையில் அந்த வரி ஏறியது. அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த இரண்டு மார்கழியும் என் கொல்லையில் ஒரு மயில்கூட இறங்கவில்லை. எல்லாம் என் டின்னின் மகிமை என்று நினைத்தேன். டீக்கடையில் உட்கார்ந்து, எந்த டின், எப்படித் தட்ட வேண்டும் என்று வளவனூர்க்காரனுக்குக்கூடப் பாடம் எடுத்தேன். உன் குட்டையோரம் நாலு சால் மல்லாட்டை, களையெடுக்காமல், பிடுங்காமல் கிடந்ததைக் காட்டி, "வெள்ளாமை பாக்குறான் பாரு" என்று ஊரையே சிரிக்க வைத்தேன். உன் காதுக்கும் வந்திருக்கும். மறு மார்கழியும் நீ அதே நாலு சால் போட்டாய்.

ஐப்பசி மழையில் நீ போய்ச் சேர்ந்தாய். சாவுக்கு வந்தேன், மாலை போடவில்லை. அந்த மார்கழியில் மயில்கள் மொத்தமாக என் கொல்லையில் இறங்கின. டின் நசுங்கியதுதான் மிச்சம். இரண்டு தடவை விதைத்தும் முளை தங்கவில்லை. புதரை வெட்டச் சொல்லி உன் வீட்டம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"இந்த வருசம் குட்டையோரம் வெதைக்க ஆளில்லண்ணே," என்றார் அவர்.

"அதுக்கும் என் கொல்லைக்கும் என்னம்மா?"

"அது மயிலுக்குப் போட்டதுண்ணே. அங்கயே மேஞ்சிட்டா உங்க பக்கம் வராதுன்னு போட்டாரு. சொல்லுங்கன்னேன். 'அவன் டின்னு தட்டிக்கினு சந்தோசமா கீறான், கெடுக்காத'ன்னுட்டாரு."

இதற்கு உன்னை எப்படித் திட்டுவது, சொல். நீ கெட்டவன் என்ற நம்பிக்கையில் நிம்மதியாக இருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டாய். இரண்டு வருஷம் என்னை முட்டாளாக உலவவிட்டு, புதருக்குள் நின்று சிரித்திருக்கிறாய். நேரில் வந்து சொல்லியிருந்தால் இன்னொரு சண்டை போட்டிருப்போம்; போட்டு, பேசியும் இருப்போம். அதை நான் மன்னிக்கப் போவதில்லை.

மறுபடி மார்கழி வந்துவிட்டது. இன்று காலை மடி நிறைய விதையைக் கட்டிக்கொண்டு வேலி தாண்டினேன். என் மல்லாட்டை, உன் மண். குட்டையோரம் நாலு சால் போட்டு முடிப்பதற்குள் பின்னாலேயே ஏழு மயில். செல்போன்காரர்களில் ஒருவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வெரட்டலையா சார்?"

"வெரட்டறவன் செத்துட்டான்," என்றேன். என் வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "செத்தவரு உங்க கூட்டாளியாச்சே," என்றாள்.

மடியில் இன்னும் ஒரு கை விதை இருந்தது. அதையும் போட்டுவிட்டுத்தான் வந்தேன்.