ரீவிக்குப் பின்னால் இரண்டு குமிழ்

1982 புரட்டாதி, வெள்ளிக்கிழமை

இவர் சவூதியிலிருந்து அனுப்பின ரீவியிலை ஒரு கிழமையாய்ப் படம் சாம்பல் பூசினமாதிரித் தெரிஞ்சுது. இவரின்ரை தம்பி குகன் வந்து பாத்திட்டு, "அண்ணி, உள்ளுக்கை ரியூப் பழுதாய்ப் போட்டுது. நாளைக்கு வான் கொண்டுவந்து திருத்த ஏத்திக்கொண்டு போறன்," எண்டான்.

அவன் போனபிறகு நான் பின்பக்கம் எட்டிப் பாத்தன். சின்னனாய் இரண்டு குமிழ். ஒண்டைத் திருப்ப வெளிச்சம் கூடிச்சு. மற்றதைத் திருப்பக் கறுப்பு கறுப்பாய் வந்திச்சு. செய்தி வாசிக்கிற பிள்ளையின்ரை மூக்குத்தியும் தெரிஞ்சுது.

றேடியோ திருத்துற குகனுக்கு இது தெரியாதோ? போன கிழமை அவன் தொட்டபிறகுதானே படம் மங்கினது. தன்ரை வீட்டிலை ஒரு ரீவி இல்லையெண்டு அவன்ரை மனுசிக்கும் குறை.

இவருக்கு எழுதுவமோ? கூடப்பிறந்தவனைப்பற்றி என்னெண்டு எழுதிறது?

நாளைக்கு வரட்டும். படம் வந்திட்டுது எண்டு மட்டும் சொல்லுவன். சொல்லேக்கை அவன்ரை முகத்தைப் பாக்கவேணும்.