துக்க வருஷத்தில் ஒரு டப்பாங்குத்து

என் மரகதத்துக்கு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை இப்படி ஒரு தடவைகூட நான் அழைத்ததில்லை. "இங்கே பார்" என்பதுதான் பதினெட்டு வருஷமாக உனக்கு நான் வைத்திருந்த பெயர். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். பெண் பிள்ளை வைத்திருக்கிற யாராவது படிக்கட்டும். எனக்குப் புரியாதது அவர்களுக்காவது புரிகிறதா, பார்க்கலாம்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. வருஷம் முடியும்வரை வீட்டில் பாட்டுச் சத்தம் கூடாது என்று, காரியம் முடிந்த அன்றே ரேடியோவைத் துண்டு போட்டு மூடிக் கட்டினேன். நம் கலா ஒன்றும் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பெண் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சம்மதம் என்றுதானே நினைப்போம்? அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசியதெல்லாம் "சாப்பாடு ஆறுதுப்பா", "சரிப்பா", இவ்வளவுதான்.

எதிர் வீட்டு விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். உன் தம்பி ஏகாம்பரம் தன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வாலாஜாபாத் ரைஸ்மில்காரருக்கு நாற்காலி போட்டுவிட்டு, பி.ஏ. படித்த என்னை நிற்க வைத்தான். எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் பதவியைத் தட்டிப் பறித்தவர்களைக்கூட ஒருவேளை மன்னிப்பேன். அந்த நாற்காலியை மறக்க மாட்டேன். ஆறு வருஷமாக அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள் தீட்டுதானாம். நான்காம் நாளே அவன் தறிக்கூடத்தில் ரேடியோ பாடியது.

இப்போது கோடை விடுமுறை. நான் விடைத்தாள் திருத்தப் போய்விடுவேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானமே வேலை முடிந்து திரும்பினேன். தெருவில் நுழையும்போதே எதிர் வீட்டில் ஒரு டப்பாங்குத்துப் பாட்டு. அதற்கு மேல் ஒரு சிரிப்பு. கலாவின் சிரிப்பு! செருப்பைக்கூடக் கழற்றாமல் தறிக்கூடத்துக்குள் போய்விட்டேன்.

"என்னா மாமா, வழி தவறி வந்துட்டீங்களா?" என்றான் உன் தம்பி, தறியை விட்டு எழாமலே. "செருப்ப வெளிய வுட்டுட்டு வாங்க. தறி இருக்குதில்ல?"

கலா ராட்டினத்தின் முன்னால் உட்கார்ந்து, தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கையில் அறுந்த பட்டு இழை.

"அம்மா செத்து வருஷம் திரும்பல. இது என்ன பாட்டு, என்ன சிரிப்பு?" என்று கத்தினேன்.

அவள் நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. "இது அம்மா பாட்டுப்பா."

"உங்கம்மாவுக்குப் பாட்டே தெரியாது."

ஏகாம்பரம் தறியை நிறுத்தினான். "யாருக்கு, எங்க அக்காவுக்கா? நல்லா சொன்னீங்க போங்க! நீங்க பள்ளிக்கூடம் போனதும் இங்க வந்து பாடிக்கினேதான் தார் சுத்தும். இந்தப் பாட்டு வந்தா போதும், மேளம் ஏற ஏற ராட்டினத்தையும் வேகமா சுத்தும். இழை பட்டுனு அறுந்துடும். உடனே வுழுந்து வுழுந்து சிரிக்கும். நான் திட்டுனா, 'போடா, உங்க மாமா வர்றதுக்குள்ள சிரிச்சுக்கிறேன்'னும்."

நான் கலாவைப் பார்த்தேன்.

"வேணும்னு அறுக்கலைப்பா. அந்த எடம் வந்தா கை தானா ஓடுது. அம்மா மாதிரியே சிரிப்பு வருது. அப்புறம் அழுகையும் வருது."

"சந்தோஷமா, துக்கமா? எது?" வாத்தியார் புத்தி, கேட்டுவிட்டேன்.

"தெரியலைப்பா. கேக்காதீங்களேன்."

எட்டு மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியது அன்றுதான். அதையும் என் ஒரு கேள்வியால் மூடிவிட்டேன்.

கல்யாணமான புதிதில் அடுப்படியில் நீ என்னவோ முணுமுணுத்தாய். "தெருப்பாட்டெல்லாம் இந்த வீட்டில் வேண்டாம்" என்றேன். அத்தோடு நிறுத்திவிட்டாய். உனக்குச் சங்கீத ஞானமே இல்லை என்று நண்பர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். இப்போது உன்மேல் கோபமாக இருக்கிறது, மரகதம். தெருவைத் தாண்டிப் போய்ச் சிரித்தாயே, எனக்குத் தெரியாமல் எப்படி? பதினெட்டு வருஷம் யாரோடு குடும்பம் நடத்தினேன்? கோபம் உன்மேலா, என்மேலா? அதுவும் தெரியவில்லை.

அன்றைக்கு வீடு வந்து ரேடியோவின் துண்டை இரண்டு முறை அவிழ்த்தேன், இரண்டு முறை கட்டினேன். அவிழ்த்தால் உனக்கு மரியாதை இல்லை. கட்டினால் மட்டும் மரியாதையா? இன்னும் அது கட்டியபடிதான் இருக்கிறது.

நாளை மத்தியானம் எதிர் வீட்டுக்குப் போகிறேன். செருப்பை வாசலிலேயே விடுவேன். எனக்கு நாற்காலி வேண்டாம். கலாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வேன். அந்தப் பாட்டு வந்து இழை அறுந்தால், அவள் சிரித்தாலும் அழுதாலும் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். அறுந்த முனையைத் தேடி எடுத்து அவள் கையில் கொடுப்பேன். உன்மேல் சத்தியம்.

இப்படிக்கு,
கலாவின் அப்பா