வடக்கு வரப்புப் புற்று

அத்தானுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால் எழுதுகிறேன். மழை பெய்தது. மேலநீலிதநல்லூர்க் காட்டை உழுதாயிற்று. டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்குகள் இறங்கின. கொத்திக் கொத்திப் பார்த்து, ஒரு புழுவும் கிடைக்காமல் பறந்துவிட்டன. "மண்ணுல உசிரே இல்லையே மதினி" என்றான் டிராக்டர் ஓட்டிய பேச்சிமுத்து.

வடக்கு வரப்பில் புற்று இருந்த இடத்தில் மழைத்தண்ணீர் இறங்காமல் நின்றது. கறையான் துளைத்த மண்தான் மழையை முதலில் குடிக்கும் என்று கல்யாணமான புதிதில் நீங்கள்தான் எனக்குக் காட்டினீர்கள். அப்புறம் பருத்தி வேரை அரிக்கிறது என்று நீங்களே அதில் மருந்தை ஊற்றினீர்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

பாப்பாவுக்கு வயிறு வலித்தால் சங்கரன்கோவிலில் பிரசாதமாக வாங்கிய புற்றுமண்ணைத்தான் நாக்கில் வைப்பேன். அன்று நான் களையெடுத்துக்கொண்டிருந்தேன். "வயிறு வலிச்சுதும்மா. நானே சாமி மண்ணு எடுத்துத் தின்னுட்டேன்" என்று வரப்பிலிருந்து வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். நான் சிரித்தேன், அத்தான்.

பாப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் நீங்கள் திருப்பூர் பஸ் ஏறினீர்கள்.

தண்ணீர் வற்றியதும் அதே இடத்தில் ஈரமண் விரலளவு எழும்பியிருக்கிறது. கறையான் திரும்பி வந்துவிட்டது. "இடிச்சிரட்டுமா மதினி?" என்று பேச்சிமுத்து கேட்டான். வேண்டாம் என்றேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த வரி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பாப்பாவின் அம்மா