பொய் ஈயின் முள்

ஞாயிறு, இரவு.

ஜெசிந்தா நன்றாகத் தூங்குகிறாள். இடது புருவத்தில் சின்ன பிளாஸ்திரி. நல்லவேளை, அதோடு போயிற்று.

பிரான்சிலிருந்து லீவில் வந்திருக்கும் அவள் தம்பி அந்துவான், தூண்டில் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிய பொய் ஈக்களை டப்பா நிறையக் கொண்டுவந்திருக்கிறான். அதில் மீன் பிடிக்க இன்றுதான் எனக்கு முதல் நாள். பார்க்க அழகாக இருந்ததால் பெரிய சிவப்பு ஈயை எடுத்தேன்.

"அது வாணாம் மாமா" என்று பிடுங்கிக்கொண்டு, ஒரு சின்னப் பழுப்பு ஈயை எடுத்தான். அதன் கொக்கி நுனியில் பின்பக்கமாக நீட்டியிருந்த முள்ளைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டுக் கொடுத்தான்.

"முள்ளு இல்லன்னா மீனு நழுவிடாதாடா?"

"நழுவட்டும். மொதல்ல வீசக் கத்துக்குங்க."

எனக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபத்திலேயே சுண்ணாம்பாற்றங்கரையில் தூண்டிலைப் பின்னால் ஓங்கினேன். பிளாஸ்கோடு வந்து நின்ற ஜெசிந்தா "ஐயோ" என்றாள். ஈ அவள் புருவத்தில், கண்ணுக்குச் சற்று மேலே தொங்கியது. அந்துவான்தான் மெதுவாக இழுத்தான். துணியில் குத்திய குண்டூசி மாதிரி வந்துவிட்டது. ஒரு துளி ரத்தம். முள் இருந்திருந்தால்... வேண்டாம், அதை எழுதவில்லை.

கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "இன்னிக்கு மாட்டினதே ஒண்ணுதான், அதையும் விட்டுட்டீங்க."

அந்துவானிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. டப்பாவும் பிளேயரும் மேஜைமேல்தான் இருக்கின்றன. சிவப்பு ஈயின் முள்ளைத்தான் முதலில் நசுக்கினேன்.