குட்டி சொன்னது புரிந்துவிட்டது

தங்கச்சி,

சாப்பாடு அடுப்பில் மூடியிருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. பத்து மணிக்குக் குழாய் ரிப்பேர்க்காரர் வருவார்.

நான் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறேன். ஆமாம், நேற்று புத்தகத்தைச் சுவரில் எறிந்து, "நாலு வருஷம் படிச்சு இடைநிலைக்கு வந்தும் ஒரு மண்ணும் புரியல, விட்டுட்டேன்" என்று கத்தியவள்தான். "அப்ப அண்ணன் பொண்ணுகிட்ட நீயே சொல்லிடு" என்றாய். சுருக்கென்றது.

காலையில் அதைச் சொல்லத்தான் ஜப்பானுக்கு, அண்ணன் வீட்டுக்குப் போன் போட்டேன். குட்டி என்னைப் பேசவே விடவில்லை. முன்பல் விழுந்ததையும், அதை நாய் விழுங்கியதையும் அவளுக்குத் தெரிந்த ஒரே மொழியில் படபடவென்று சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது, மொழிபெயர்த்துச் சொல்ல அண்ணன் பக்கத்திலேயே இல்லை!

வெளியே போனால் சாவியைப் பூத்தொட்டிக்கு அடியில் வை.

பி.கு: "சின்ன அத்தை எங்கே, எழுப்பு" என்றாள். தூங்கட்டும் என்றேன். நான் போட்ட கூச்சலில் நீ எப்போது கண் மூடினாயோ. சாயங்காலம் இருவரும் சேர்ந்து கூப்பிடுவோம். அவள் சொல்லச் சொல்ல நான் உனக்குச் சொல்கிறேன்.

அக்கா